இரண்டு மாதத்தில் மாண்டரின் வருமா? தைவான் கோடைக்கால உதவித்தொகை பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஓராண்டாகச் செயலிகள், காணொளிகள் வழியாக மாண்டரின் மொழியைத் தனியாகக் கற்று வருகிறேன். மாண்டரின் மொழித்திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் பழைய பாடத்திட்டப்படி மூன்றாம் நிலைக்குரிய 600 சொற்களையும் படித்து முடித்துவிட்டேன். ஆனால் அந்த மொழி பேசும் ஒருவரிடம் இதுவரை ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. தைவான் கல்வி அமைச்சகம் வழங்கும் ஹுவாயு உதவித்தொகையில், கோடைக்காலத்தில் இரண்டு மாதம் அங்கேயே தங்கிப் படிக்கும் பிரிவுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். இரண்டு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். போவது பயன் தருமா, அல்லது ஒன்பது மாதப் பிரிவுக்குக் காத்திருப்பது நல்லதா? நான் கற்றவை எளிமையாக்கப்பட்ட எழுத்துகள். தைவானில் பழைய எழுத்துகளே வழங்குவதால் என் உழைப்பு வீணாகுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. அதை அவர்களுடைய தயக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் மாண்டரினைப் பணிக்குப் பயன்படுத்தும் அளவுக்குக் கற்க 88 வாரங்கள், அதாவது சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அவர்களுடைய பயிற்சி நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த உதவித்தொகையின்கீழ் படிப்பவர் வாரத்திற்குக் குறைந்தது 15 மணி நேரம் மொழி வகுப்பில் இருக்க வேண்டும். எட்டு வாரத்திற்கு அது 120 மணி நேரம், அந்த 2,200இல் பதினெட்டில் ஒரு பங்குகூட முழுதாக ஆகாது. ஆகவே இரண்டு மாதத்தில் மாண்டரின் 'வந்துவிடும்' என்று நான் சொன்னால் அது உண்மையாக இராது. நாளிதழைத் தடையின்றிப் படிக்கவோ மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேரவோ அது போதாது.

ஆயினும் நீங்கள் போக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அறுபது நாள்களில் நீங்கள் விழித்திருக்கும் நேரம் ஏறக்குறைய 960 மணி. அதில் வகுப்புக்குப் போவது 120 மணி மட்டுமே. எஞ்சிய 840 மணி நேரத்தில் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், விடுதிக் காவலர், பக்கத்து அறைப் பெண் என எத்தனையோ பேர் உங்களிடம் அந்த மொழியில் பேசுவார்கள். உங்கள் பதிலுக்காகக் காத்து நிற்பார்கள், புரியாவிட்டால் முகம் சுளித்துத் திருப்பிக் கேட்பார்கள். செயலியால் தர முடியாதது இதுதான். நீங்கள் 600 சொற்களை அறிந்தும் ஒரு வாக்கியம் பேசாமல் நிற்கும் இடத்திலிருந்து பேசும் இடத்திற்கு நகர இந்த 840 மணி நேரம் போதும். ஆனால் அதன் பயன் எவ்வளவு என்பது, விமானம் ஏறும் முன்பே நீங்கள் என்ன செய்து முடித்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொல்லையும் எழுத்தையும் மனப்பாடம் செய்யும் வேலையை அறையில் அமர்ந்து எங்கிருந்தும் செய்யலாம். அதைச் செய்யக் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

இதை நான் என் இழப்பிலிருந்து சொல்கிறேன். நானும் பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கோடைக்கால வகுப்புக்குப் போனேன். நாளுக்கு முப்பது எழுத்துகள் என்று இலக்கு வைத்து, மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவு வரை எழுதிக்கொண்டிருப்பேன். கீழ்த்தளத்தில் இருந்த வீட்டு உரிமையாளர், வயதான பெண்மணி, தேநீர் குடிக்க வரும்படி முதல் மூன்று வாரங்கள் தினமும் அழைத்தார். நான் தினமும் படிக்க வேண்டும் என்று மறுத்தேன். நான்காம் வாரத்தில் அவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். நான் விட்டுவிட்டு வந்தது தேநீரை அல்ல, நாளுக்கு ஒரு மணி நேரம் பொறுமையாக என்னைப் பேசவைத்திருக்கக்கூடிய ஆசிரியரை என்பது ஆறாம் வாரத்தில்தான் விளங்கியது. மனப்பாடம் செய்த எழுத்துகளில் பெரும்பகுதி அடுத்த ஆண்டுக்குள் மறந்தும் போயிற்று.

இப்போது காத்திருப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த ஆண்டுக்கான அறிவிப்பில் தகுதி விதிகளைப் பற்றிய பகுதியை, குறிப்பாக முன்பே இந்த உதவித்தொகையைப் பெற்றவர்கள் பற்றிய வரியை முதலில் தேடிப் படியுங்கள். இரண்டு மாதம் பெற்றவரும் 'ஏற்கெனவே பெற்றவர்' என்ற கணக்கில் சேர்வாரானால், கோடைக்காலத்தைத் தேர்ந்தெடுப்பது பின்னாளில் ஒன்பது மாதத்திற்கோ ஓராண்டிற்கோ விண்ணப்பிக்கும் வாய்ப்பை மூடிவிடும். பட்டம் பெற்றபின் ஓராண்டை இதற்கென ஒதுக்க உங்களால் உறுதியாக முடியும், மாண்டரினையே தொழிலாகக் கொள்ளும் எண்ணமும் உண்டு என்றால், அந்த நிலையில் நான் காத்திருக்கச் சொல்வேன். அப்படியில்லாமல், படிப்பு முடிந்ததும் வேலை, அதன்பின் விடுப்பே கிடைக்காது என்பது உங்கள் நிலையானால், கையிலிருக்கும் கோடையை விடாதீர்கள். வராத ஒன்பது மாதத்திற்காக வரக்கூடிய இரண்டு மாதத்தை இழந்தவர்களை என் மாணவர்களிலேயே பார்த்திருக்கிறேன்.

எழுத்து பற்றிய கவலையைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். எதுவும் வீணாகாது. சீனாவில் 1956ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி எழுத்துகள் எளிமையாக்கப்பட்டன. தைவான் பழைய வடிவங்களையே தொடர்கிறது. பல எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே, மாறியவையும் பெரும்பாலும் ஓர் ஒழுங்குடனேயே மாறியுள்ளன. குதிரையைக் குறிக்கும் எழுத்து பழைய வடிவில் பத்துக் கோடுகளைக் கொண்டது, புதிய வடிவில் மூன்று. பேச்சைக் குறிக்கும் உறுப்பு ஏழு கோடுகளிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. இந்த உறுப்பு ஒன்றை அடையாளம் கண்டுகொண்டால் அது இடம்பெறும் பல எழுத்துகள் ஒருசேர விளங்கிவிடும். போவதற்கு முன் பழைய வடிவங்களைப் படிக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள். கைபேசியில் பின்யின் முறையில், அதாவது மாண்டரின் ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் எழுதும் முறையில், ஒலியைத் தட்டினால் எழுத்து தானே வந்துவிடும். வகுப்பில் கேட்கும் அளவுக்கு மேல் கையால் எழுதிப் பழகுவதில் இந்த இரண்டு மாதத்தைச் செலவிட வேண்டாம். தைவான் குழந்தைகள் ஒலிகளைக் கற்கும் பொபொமொஃபொ என்னும் 37 குறியீடுகளைப் பார்த்தும் அஞ்ச வேண்டாம். அயலார்க்கான வகுப்புகளில் பின்யினும் வழங்குகிறது. 'ஹுவாயு' என்று தைவானிலும், 'புதொங்ஹுவா' என்று சீனாவிலும் சொல்லப்படுவது ஒரே மாண்டரின்தான். வாடகைக் கார், மிதிவண்டி போன்ற அன்றாடப் பொருள்கள் சிலவற்றுக்குச் சொற்கள் மாறும், அவ்வளவே.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஒலியைப் பற்றி. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழர்கள் மாண்டரினை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பதால் தேவையற்ற இரண்டு சிரமங்களை மேற்கொள்கிறார்கள்.

பின்யினில் b, p என்னும் ஆங்கில எழுத்துகளால் எழுதப்படும் இரண்டு ஒலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவற்றில் முதலாவது, தொண்டை அதிர வரும் அதிர்வொலி. உறவினர் என்னும் பொருளில் 'பந்து' என்று நாம் வடமொழிச் சாயலில் சொல்லும்போது முதலில் வரும் ஒலி அது. மாண்டரினில் அந்த இடத்தில் அதிர்வு இல்லை, மூச்சும் இல்லை. 'பல்', 'படி' என்ற சொற்களின் முதலில் நாம் இயல்பாகச் சொல்லும் பகரமே அது. அவ்வாறே 'தலை'யின் தகரமும் 'கல்'லின் ககரமும் அப்படியே அங்கு உள்ளன. தமிழில் இல்லாதது இவற்றின் இணை ஒலிகள்தான். அதே ப, த, க ஒலிகளைப் பலத்த மூச்சுடன் வெளிவிட வேண்டும். வயிறு என்பதற்கும் முயல் என்பதற்கும் மாண்டரினில் உள்ள வேறுபாடு இந்த மூச்சு மட்டுமே. தொனிகூட, அதாவது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம்கூட, இரண்டுக்கும் ஒன்றே. வேண்டாத இடத்தில் மூச்சை விடுபவர்கள் மருத்துவரிடம் வயிற்று வலியைச் சொல்லப்போய் முயலுக்கு வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்குத் தாள் அசையாமல் நிற்க வேண்டும், மற்றொன்றுக்கு அது துள்ள வேண்டும்.

நாவை மேல்நோக்கி வளைத்துச் சொல்லும் ஒலிகள் ஆங்கிலேயருக்குக் கடினம். நமக்கு ட, ண, ள, ழ என்று நா அங்கே போய்ப் பழகியிருக்கிறது. மாண்டரினில் ரகரம் போல எழுதப்படும் ஒலி, ஆங்கில ரகரத்தைவிட நம் ழகரத்திற்கே நெருக்கமானது. ஆனால் தைவானில் அன்றாடப் பேச்சில் இந்த நாவளைவு மிகவும் தளர்ந்துவிடும். பத்துக்கும் நான்குக்கும் உரிய சொற்கள் பாடத்தில் முறையே ஷகரத்திலும் ஸகரத்திலும் தொடங்குபவை. கடைத்தெருவில் இரண்டும் ஸகரம் போலவே ஒலிக்கலாம். அப்போது தொனிதான் வேறுபடுத்தும், பத்து ஏறும், நான்கு விழும். இது தெரியாமல் போனால் முதல் வாரம் காசு எண்ணுவதே குழப்பமாகிவிடும்.

தொனியில் தமிழருக்கென்று ஒரு தனிப் பிழை உண்டு. கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்துவது நம் இயல்பு. மாண்டரினில் அப்படி உயர்த்தினால் கடைசிச் சொல்லின் தொனியே கெட்டுவிடும். வாங்குவதும் விற்பதும் அங்கே ஒரே அசைதான், தாழ்ந்த மூன்றாம் தொனியில் வாங்குதல், விழும் நான்காம் தொனியில் விற்றல். நம் 'வந்தானா' என்பதன் ஆகாரம் போல அவர்களுக்கு வாக்கிய இறுதியில் 'மா' என்ற வினாச்சொல் உண்டு. கேள்வியின் வேலையை அது செய்துவிடும், குரல் செய்ய வேண்டியதில்லை. தொனிகளைத் தனித்தனியாக ஒப்பிக்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பழகுங்கள். நான்கு தொனிகளுக்குப் பதினாறு சேர்க்கைகள், அழுத்தமற்ற மென்தொனியையும் பின்னால் சேர்த்தால் இருபது. மூன்றாம் தொனியை இறங்கி ஏறுவதாகப் பாடநூல் படம் வரைந்து காட்டும். தொடர்ந்த பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்து நின்றுவிடும், ஏறாது. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது, ஏறும் இரண்டாம் தொனியாகிவிடும் என்பது நீங்கள் வணக்கம் சொல்லும் 'நீ ஹாவ்' என்பதிலேயே இருக்கிறது.

வாக்கிய அமைப்பிலும் தமிழை ஏணியாகப் பயன்படுத்துங்கள். 'நேற்று வந்த ஆசிரியர்' என்பதை ஆங்கிலத்தில் ஆசிரியரை முன்னே வைத்துத்தான் சொல்ல முடியும். மாண்டரினில் நேற்று, வா, பெயரெச்சத்தின் வேலையைச் செய்யும் 'தெ', ஆசிரியர் என்று நம் வரிசையே வரும். 'நான் நாளை நூலகத்தில் படிப்பேன்' என்பதில் காலமும் இடமும் வினைக்கு முன் நிற்பது போலவே அங்கும் நிற்கும். வினைக்குப் பின் செயப்படுபொருள் வருவதில்தான் அது தமிழிலிருந்து விலகும். பீஜிங் பேச்சில் நாம், நாங்கள் என்ற வேறுபாடுகூட உண்டு, தைவானில் அது அருகிவிட்டது. இவற்றை ஆங்கில விளக்கத்தில் படித்து, அதைத் தலைகீழாக்கி, பின் மாண்டரினுக்குக் கொண்டுபோவது வீண் சுற்று.

இனி நடைமுறை. விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தைவானின் அயலகப் பிரதிநிதி அலுவலகங்கள் வழியாகப் பெறப்படுகிறது. உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம், மொழி மையத்தில் சேர மற்றொரு விண்ணப்பம் என இரண்டும் தனித்தனி. பலர் முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு மையத்தின் கடைசி நாளைத் தவறவிடுகிறார்கள். தொகை நீண்ட காலம் மாதம் 25,000 புதிய தைவான் டாலராக இருந்தது. இந்த ஆண்டுக்குரிய தொகையை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும், விமானக் கட்டணம் சேராது. பணம் நீங்கள் போய்ப் பதிவு செய்த பிறகே கையில் கிடைக்கும் என்பதால் ஒரு மாதச் செலவுக்கான தொகையை உடன் கொண்டுசெல்லுங்கள். தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும், ஆகவே தனிக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்தால் 62 நாள். விசாவில் தங்கும் காலம் 60 நாள் என்றிருந்தால், அதை நீட்டிக்க இயலுமா என்பதையும் வகுப்பு முடியும் தேதியையும் பயணச்சீட்டு வாங்கும் முன்பே ஒத்துப் பாருங்கள். வாடகை வீடுகள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் தரப்படுவதால், மையத்திற்கு விண்ணப்பிக்கும்போதே மாணவர் விடுதியைக் கேட்டுவிடுவது நல்லது.

எந்த நகரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தைபேயில் தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956 முதல் இயங்குகிறது, புகழ்பெற்றது. எனினும் தலைநகரில் நீங்கள் தடுமாறியவுடன் எதிரிலிருப்பவர் ஆங்கிலத்திற்கு மாறிவிடும் வாய்ப்பு அதிகம். தைனான் நகரிலுள்ள தேசிய செங் குங் பல்கலைக்கழகம் போன்ற தெற்கு மையங்களில் வாடகை குறைவு, ஆங்கிலமும் குறைவு. உங்களைப் போலப் படித்தும் பேசாத ஒருவருக்கு நான் தெற்கையே பரிந்துரைப்பேன். அங்கே முதியவர்கள் பலர் தைவானிய மொழியும் பேசுவார்கள். ஒரு பேச்சு முழுவதும் புரியாமல் போனால் அது மாண்டரினே அல்லாமலும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், மனம் உடைய வேண்டாம்.

முதல் நாள் நிலைத் தேர்வு ஒன்று வைப்பார்கள். தனியாகக் கற்றவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கண்ணால் கற்றதால் எழுத்துத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி, பேச்சில் தங்களைவிட ஓராண்டு முன்னே நிற்பவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, இரண்டு மாதமும் வாய் திறவாமலே திரும்பிவிடுகிறார்கள். உங்கள் படிக்கும் திறனுக்கு ஏற்ற வகுப்பை அல்ல, பேசும் திறனுக்கு ஏற்ற வகுப்பைக் கேளுங்கள். முதல் வாரத்திற்குள் மாற்றச் சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. பாடம் தெரிந்ததாகவே இருக்கட்டும், தெரிந்ததைத் தயங்காமல் சொல்லத் தெரிவதற்காகத்தானே போகிறீர்கள்?

வகுப்புத் தோழர்களிடையே பொதுமொழி ஆங்கிலமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அமெரிக்காவின் மிடில்பெரி கல்லூரியின் கோடைக்கால மொழிப் பள்ளிகளில் கற்கும் மொழியைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்று மாணவர்கள் கையெழுத்திட்டு உறுதிமொழி எடுப்பார்கள். நீங்கள் சேரும் மையத்தில் அப்படி ஒன்று இல்லையென்றாலும் உங்களுக்கு நீங்களே அதை விதித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் உங்கள் அளவுக்குச் சரளமில்லாத ஜப்பானியரோ வியட்நாமியரோ நண்பராகக் கிடைத்தால் உங்கள் இருவருக்கும் மாண்டரின்தான் வழி. காலையில் ஒரே சிற்றுண்டிக் கடைக்குத் தினமும் செல்லுங்கள். பத்தாம் நாள் கடைக்காரர் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பார், இருபதாம் நாள் பரீட்சை எப்படி எழுதினீர்கள் என்பார். வீட்டாரோடு தமிழில் பேசுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நாளுக்கு அரை மணி நேரம் அம்மாவிடம் பேசுவது உங்களைத் தாங்கி நிற்கும். ஆனால் மாலை முழுவதும் தமிழ்க் காணொளிகளில் கழிந்தால் நீங்கள் இருக்கும் ஊர் தைவானாக இருந்து பயனில்லை.

விண்ணப்பத்தோடு படிப்புத் திட்டம் எழுதச் சொன்னால், சீனப் பண்பாட்டின் மீது பேரார்வம் என்பது போன்ற பொதுச்சொற்களைத் தவிருங்கள். 600 சொற்கள் தெரியும், பேசியதில்லை, இந்த இரண்டு மாதத்தில் பேசப் பழக வேண்டும், திரும்பிய பின் இன்னின்ன வகையில் தொடர்வேன் என்று உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதிய அதே நேர்மையுடன் எழுதுங்கள்.

கோடை வரை உங்களுக்குச் சில மாதங்கள் இருக்கின்றன. புதுச் சொற்களைச் சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, இணையவழியில் பாடம் சொல்லும் தைவான் ஆசிரியர் ஒருவரை வாரத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு அமர்த்திக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் அவரிடமே தொடரலாம். முதல் வகுப்பில் வயிறு, முயல் என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டி, தன் காதில் விழுந்தது எது என்று ஒவ்வொரு முறையும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.